உடும்பில்லாத உடும்புக்காரர்

சித்தூர் கிரீம்ஸ்பேட்டையில் "உடும்புக்காரர் வீடு எது?" என்று கேட்டால் பால்காரப் பையன்கூட வழி காட்டுவான். போய்ப் பார்த்தால் எல்லாம் இருக்கும்: எட்டடிக் கம்பிவலைக் கூண்டு, வெயில் காய ஒரு கல், மே மாதம் நாற்பது டிகிரி அடிக்கிற ஊரில் அந்தக் கல்லுக்கு மேலே ஒரு நூறு வாட்ஸ் குண்டு பல்பு, வெல்டிங் பட்டறையில் வாங்கிய தோல் கையுறை. உடும்பு மட்டும் இருக்காது.

மாங்கூழ் ஆலைகளுக்குத் தோத்தாபுரி தரகு பேசுவது தொழில். சீசன் முடிந்தால் மனிதர் சும்மா; செல்போன் சும்மா இருக்காது. அமெரிக்காவில் எவனோ ஆறடி நீர் உடும்பை மடியில் போட்டுக் கொஞ்சும் வீடியோ ஓடிக்கொண்டே இருக்கும்.

"பார்த்தியா, நாய் தோத்துது! நம்மூர் உடும்பும் இப்படித்தான், பழக்கணும்."

பழக்கத்தான் சட்டம் விடவில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உடும்புக்குப் புலியோடு சரியாசனம். பிடித்து அடைத்தால் மூன்று முதல் ஏழாண்டு வரை உள்ளே. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. இதையும் அவரேதான் சொல்வார், புலியையே கேட்டு மறுக்கப்பட்டவரின் பெருமிதத்தோடு.

அலிபிரியிலிருந்து திருமலைக்கு 3,550 படி. மற்றவர்கள் கோவிந்தா சொல்லி ஏறுவார்கள். இவர் பாறையிடுக்கைப் பார்த்துக்கொண்டே ஏறுவார். கூட வருபவர்களுக்கு வகுப்பும் நடக்கும்.

"அதுக்குக் கோபமே கிடையாது, பயம்தான். முதல்ல தொண்டையை உப்பும், சீறும். அப்புறம் வாலை வீசும். கடைசியாத்தான் கடி."

"கடிச்சா விடாதாமே அண்ணா?"

"அசையாம நிக்கணும். தைரியம் வேணும்."

1670-ல் சிங்ககட் கோட்டைச் சுவரில் மராத்தியத் தளபதி தானாஜி கயிறு கட்டி உடும்பை ஏற்றிய கதையும் உண்டு. அது கதைதானே என்று கேட்டவரோடு இரண்டு மாதம் பேசவில்லை.

வீட்டம்மா நடைமுறைவாதி. "சும்மா கிடக்குற கூண்டுதானே" என்று அதில் அடைக்கோழியை வைத்துவிட்டார்.

ஒரு மழை விட்ட மதியம், கோழி தீனிக்கு இறங்கிய நேரம், மாந்தோப்புப் பக்கத்திலிருந்து சாக்கடை வழியாக நாலடி உடும்பு ஒன்று நிதானமாக வந்தது. பிளந்த நாக்கை நீட்டி நீட்டி மோப்பம் பிடித்தது. திறந்திருந்த கூண்டுக்குள் நுழைந்து, ஒரு முட்டையைக் கவ்வித் தலையை அண்ணாந்தது. முட்டை தொண்டைக்குள் இறங்குவது வெளியிலிருந்தே தெரிந்தது. தெரு கூடிவிட்டது.

"ஏங்க, உங்க ஆளு வந்திருக்கு! கதவைச் சாத்துங்க!"

பதில் வீட்டுக்குள்ளிருந்து வந்தது, உள்தாழ்ப்பாள் போட்ட ஜன்னலோரமாக.

"ஐயோ சாத்தாதே! சாத்தினா மூணு வருஷம்!"

நாலாவது முட்டைக்கு வாய் வைக்கும்போது அம்மாள் விளக்குமாற்றோடு போனார். உடும்பு தொண்டையை உப்பியது, சீறியது. அம்மாளும் சீறினார். வாலை வீசுகிற கட்டம் வரவில்லை. வந்த வழியே சாக்கடையில் இறங்கிப் போய்விட்டது.

சாயங்காலம் தாழ்ப்பாளைத் திறந்து வெளியே வந்தவர், கூண்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"சைஸ் கரெக்டா இருக்கு பார்த்தியா? உள்ளே போய்த் திரும்பறதுக்கு அதுக்கு ஒரு சிரமமும் இல்லை."