கூடைக்குள் சில கேள்விகள்

அமெரிக்கக் கல்லூரிப் பெண்களின் தேசியக் கூடைப்பந்துப் போட்டியை யார்தான் பார்க்கிறார்கள்?
– வாசகர், அலோர் காஜா

2024 இறுதியாட்டத்தை 18 மில்லியன் பேருக்கு மேல் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். அதே ஆண்டு ஆண்கள் இறுதியாட்டத்துக்கு 15 மில்லியன்கூடத் தேறவில்லை. இத்தனைக்கும் ஆண்கள் போட்டி 1939இல் தொடங்கியது. பெண்களுக்கு 1982இல்தான் வழிவிட்டார்கள்.

நம் ரப்பர் தோட்டத்துக்கும் பெண்கள் கூடைப்பந்துக்கும் என்ன சம்பந்தம்?
– வாசகர், புக்கிட் ஆசகான்

ஒரே வயது! 1896இல் டான் சாய் யான் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். அதே ஆண்டுதான் கல்லூரிகளுக்கிடையே பெண்களின் முதல் ஆட்டம்: ஸ்டான்ஃபோர்ட் 2, பெர்க்லி 1. பார்க்க ஆண்களுக்கு அனுமதியே இல்லை.

கல்யாணமாகிப் பிள்ளையும் பிறந்துவிட்டால் பந்து எதற்கு?
– வாசகர், மஸ்ஜித் தானா

சென்னை அனிதா பால்துரையிடம் கேட்டிருக்கிறீர்களா? 19 வயதில் இந்திய அணித் தலைவி. பிள்ளை பெற்ற பிறகும் களத்துக்குத் திரும்பினார். 2021இல் பத்மஸ்ரீ.

மகள் பள்ளியில் வலைப்பந்து ஆடுகிறாள். கூடைப்பந்துக்கு மாறினால் சிரமப்படுவாளா?
– வாசகி, ஜாசின்

பின்பலகையே இல்லாத வளையத்தில் பந்து போடுகிறவளுக்கு, பலகை வைத்துத் தந்தால் கசக்குமா? பந்தை மூன்று வினாடிக்குள் கைமாற்றவும் தெரியும். தட்டிக்கொண்டு ஓடப் பழகினால் போதும். அதற்கு மாலை நேரம் வேண்டும், அம்மா. அடுப்படி வேலையை அண்ணன் தம்பிகளுக்கும் பங்கு போடுங்கள்.