கிரிவல ஸ்நேக விசாரம்

ஸ்நேகத்தின் வகைகளைப் பற்றி நம்மவர்கள் சொல்லி வைத்ததற்குக் குறைவில்லை. பால்ய ஸ்நேகம், பள்ளிக்கூடத்து ஸ்நேகம், காரியம் ஆகும்வரை காலைப் பிடிக்கும் ஸ்நேகம், கைமாற்றுக் கொடுத்த மறுநாளே தெரு மாறிப் போகும் ஸ்நேகம் என்று எல்லாவற்றுக்கும் இலக்கணமும் உதாரணமும் உண்டு. ஆனால், பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையை வலம் வருகிற லட்சோபலட்சம் ஜனங்களுக்குள், முன்பின் அறியாத இருவரிடையே திடீரென்று தோன்றி, 14 கிலோமீட்டர் சுற்றுவழிக்குள்ளேயே வளர்ந்து, முதிர்ந்து, சுவடு தெரியாமல் மறைந்துவிடுகிற அந்த விசித்திரமான ஸ்நேகத்தைப் பற்றி, ஸ்தல புராணக்காரர்களும் சரி, தர்க்க சாஸ்திரக்காரர்களும் சரி, வாய் திறந்ததாகத் தெரியவில்லை. அந்தக் குறையை நிவர்த்தி செய்யும் பொருட்டே இவ்விசாரம் தொடங்கப்படுகிறது.

இதற்கு என்னை அதிகாரியாக்குவது என் கல்வியன்று, என் ஊர். கீழ்பென்னாத்தூர், செஞ்சியிலிருந்து திருவண்ணாமலைக்குப் போகிற சாலையில், மலைக்குக் கிழக்கே ஏறக்குறைய 18 கிலோமீட்டரில் இருக்கிறது. நான் என்னை யாத்திரீகன் என்று சொல்லிக்கொண்டால் அண்ணாமலையார் சிரிப்பார். உள்ளூர்க்காரன் என்று சொல்லிக்கொண்டால் தேரடி வீதிக்காரர்கள் சிரிப்பார்கள். இரு கட்சியிலும் சேராத நடுநிலைமை இவ்வாறு எனக்குப் பிறவியிலேயே வாய்த்தது. அன்றியும், கார்த்திகை தீபத்துக்கு முந்தைய நாட்களில் திண்டிவனம், செஞ்சிப் பக்கத்திலிருந்து கூட்டங் கூட்டமாக நடந்து வருகிறவர்கள் எங்கள் ஊரைக் கடந்துதான் போயாக வேண்டும். அவர்களுக்கு மோர் ஊற்றுகிற சாக்கில் அவர்கள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பது எங்கள் ஊரில் பரம்பரையாக நடந்துவரும் ஆராய்ச்சி முறை. புண்ணியத்துக்குப் புண்ணியம், விஷயத்துக்கு விஷயம்.

இனி லக்ஷணம். ‘செருப்பில்லாமல், ஒரே திசையில், ஒரே கதியில் நடக்கிற அந்நியர் இருவருக்குள், பெயர் கேட்பதற்கு முன்பே உண்டாகிவிடும் உறவு கிரிவல ஸ்நேகம்’ என்று கொள்வோம். ஒரு லக்ஷணத்துக்கு அவ்வியாப்தி, அதிவியாப்தி, அசம்பவம் என்ற மூன்று தோஷங்களும் கூடா என்பது தார்க்கிகர் மதம். ‘செருப்பில்லாமல்’ என்ற விசேஷணத்தை எடுத்துவிட்டால், சர்க்கரை வியாதிக்காக விடியற்காலையில் மைதானத்தைச் சுற்றுகிறவர்களும் உள்ளே புகுந்துவிடுவார்கள். அவர்களுக்குள் நடப்பது மாத்திரைப் பெயர்களின் பரிவர்த்தனையேயன்றி ஸ்நேகமாகாது. ‘ஒரே திசையில்’ என்பதை எடுத்தால், கோயில் வாசலில் செருப்பைக் களவு கொடுத்துவிட்டு ஆளுக்கொரு பக்கமாகத் தேடிக்கொண்டிருக்கிறவர்களும் அடங்குவார்கள். ‘அந்நியர்’ என்பதை எடுத்தால் கணவனும் மனைவியும் வருவார்கள். அவர்கள் ஒரே கதியில் நடப்பதென்பது எவ்விடத்தும் காணப்படாமையால், அசம்பவம் என்னும் மூன்றாம் தோஷம் வந்து சேரும்.

இந்த லக்ஷணத்தின் உயிர்நிலை ‘ஒரே கதி’ என்பதிலே இருக்கிறது. பக்தி சமமாக இருக்க வேண்டுவதில்லை. சம்பளம், ஜாதி, கட்சி, கடன் எதுவும் சமமாக இருக்க வேண்டுவதில்லை. கால் சமமாக இருந்தால் போதும். என்னோடு ஒரே பஸ்ஸில் ஏறி, ஒரே கற்பூரத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டு, இந்திர லிங்கத்திலிருந்து ஒன்றாகப் புறப்படுகிற என் சொந்தச் சித்தப்பா பிள்ளை, அக்கினி லிங்கம் வருவதற்குள் கூட்டத்தில் காணாமற் போய்விடுகிறான். எமலிங்கத்தருகே எனக்குப் பக்கத்தில் நடந்துகொண்டிருப்பவரோ, வாழ்நாளில் நான் கண்டிராத, ஆரணிப் பக்கத்துப் பட்டுத்தறிக்காரர். ரத்த பந்தத்தை முழங்கால் பந்தம் வெல்லும் என்பது இதனால் சித்திக்கிறது.

பூர்வாசாரியர்கள் இதை அறியாதவர்களா என்றால், அல்லர்; பெயர் வைக்கத்தான் மறந்தார்கள். பத்துப்பாட்டில் ஆற்றுப்படைகள் என்று வழங்குபவை யாவும் வழியிலே சந்தித்த ஒருவன் மற்றொருவனுக்கு வழி சொல்லுகிற சம்பாஷணைகளே. அவற்றுள் 583 அடிகளையுடைய மலைபடுகடாம், பரிசில் பெற்று வருகிற கூத்தன் ஒருவன், பெறப் போகிற கூத்தனை நன்னனுடைய செங்கண்மாவுக்குப் போகும்படி சொல்வதாக அமைந்தது. செங்கண்மா என்பது இன்றைய செங்கம். ஆகவே, கிரிவலக்காரன் முதல் சில கிலோமீட்டர் செங்கம் சாலையில் நடக்கும்போது, தன்னையறியாமல் ஓர் ஆற்றுப்படைக்குள்தான் நடக்கிறான். பன்றிக்கு வைத்த பொறி எங்கே, பாம்பிருக்கும் பொந்து எங்கே, எந்த ஊரில் எதைக் கொடுத்து உண்ணச் சொல்வார்கள் என்றெல்லாம் அந்தக் கூத்தன் விஸ்தாரமாகச் சொல்லுகிறான். இன்றைக்கும், எதிரே வருகிறவர் நின்று, எந்தப் பந்தலில் பொங்கல் தீர்ந்துவிட்டது, எதில் இப்போதுதான் அண்டாவைத் திறந்தார்கள் என்று வலியச் சொல்லிவிட்டுப் போவது அம்மரபின் தொடர்ச்சியே. உ. வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை அச்சிட்டபோது அழிந்துபோன வழக்கம் ஒன்றைக் காப்பாற்றியதாகவே பலரும் நினைத்திருப்பார்கள். அது தக்காளி சாதத்தை ஆதாரமாகக் கொண்டு ஜீவித்திருந்தது.

இங்கே ஒரு பூர்வபக்ஷம். சம்பந்தரும் நாவுக்கரசரும் சேர்ந்து க்ஷேத்திரம் க்ஷேத்திரமாகச் சென்ற ஸ்நேகத்துக்கு மிஞ்சிய வழித்துணை உண்டா. ஆனால் திருப்பூந்துருத்தியில் ஒருவர் சிவிகையின் மேலும் மற்றவர் அதைத் தாங்குவாரில் ஒருவராக அதன் கீழும் இருந்தாரே, கதி எப்படிச் சமமாயிற்று என்று கேட்பார்கள். சிவிகை எந்த வேகத்தில் போகிறதோ அந்த வேகத்தில்தான் சுமக்கிறவரும் போகிறார் என்பது சமாதானம். அப்பர் கீழே இருப்பது தெரிந்த மாத்திரத்தில் சம்பந்தர் இறங்கிவிட்டார் என்று சேக்கிழார் கூறுவது, கால் தரையில் படவேண்டும் என்ற நமது நிபந்தனைக்கும் அனுகூலமாகவே இருக்கிறது.

இதே நியாயத்தால் ரயிலும் அடங்கும். 1896 ஆகஸ்டு 29ஆம் தேதி, 16 வயதுப் பிள்ளையாக மதுரையை விட்டுப் புறப்பட்ட ரமணர், கையிலிருந்த 3 ரூபாயில் 2 ரூபாய் 13 அணாவுக்குத் திண்டிவனம் வரை டிக்கெட் வாங்கி, வாய் பேசாமல் வண்டியில் உட்கார்ந்திருந்தார். விழுப்புரத்திலேயே இறங்கி மாற வேண்டும், திருவண்ணாமலைக்கே ரயில் வந்துவிட்டது என்று அவருக்குச் சொல்லியவர் உடன் பிரயாணம் செய்த ஒரு மௌல்வி. பிறகு கீழூரில் சோறு போட்டு, தங்கக் கடுக்கனை வாங்கிக்கொண்டு 4 ரூபாய் கொடுத்தனுப்பிய முத்துகிருஷ்ண பாகவதரின் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது. மௌல்வியோ மௌல்வி என்ற அளவிலேயே நின்றுவிட்டார். பாகவதர் செய்தது தானம், அதற்கு முகவரி உண்டு. மௌல்வி செய்ததுதான் சுத்தமான, கலப்பற்ற கிரிவல ஸ்நேகம். மலை கண்ணில் படுவதற்கு வெகுமுன்னரே அது தொடங்கிவிட்டது என்பது ஒன்றே விசேஷம்.

மற்ற யாத்திரைகளோடு ஒப்பிட்டால் இதன் தனித்தன்மை விளங்கும். சபரிமலைக்குப் போகிறவர்கள் எல்லோரையும் எல்லோரும் ‘சாமி’ என்றழைத்து முறை என்னும் சிக்கலையே ஒழித்துவிட்டார்கள். பண்டரிபுரத்து வாரியில், ஆளந்தியிலிருந்து மூன்று வாரம் நடப்பவர்கள் ‘திண்டி’ என்னும் தத்தம் குழுவோடு நடக்கிறார்கள். துணை முன்னமே நிச்சயிக்கப்பட்டது. ஸ்பெயின் தேசத்துச் சாந்தியாகோ யாத்திரையில், ஊருக்கு ஊர் முத்திரை குத்திய சீட்டுடன் வாரக்கணக்கில் நடப்பவர்கள், இன்று பிரிந்து நாளை சத்திரத்தில் சேர்ந்து, நட்பைச் சாவதானமாகப் பயிர் செய்கிறார்கள். நமக்கோ உள்ளது ஒரே இரவு. ஆகையால் மற்றவர்கள் மாதத்தில் எட்டுகிற உறவை நாம் ஒரு லிங்கத்துக்கும் அடுத்த லிங்கத்துக்கும் இடையில் எட்டிவிட வேண்டியிருக்கிறது. எமலிங்கத்தில் ‘சார்’ என்று ஆரம்பித்தவர், நிருதி லிங்கத்தில் ‘அண்ணே’ ஆகிறார். வருணலிங்கம் வருவதற்குள் அவர் மனைவி எனக்கு அண்ணி, அவர் மாமியார் எனக்குப் பெரியம்மா.

இந்த முறை ஏற்றத்துக்கு வித்தாக இருப்பது ‘எந்த ஊரு?’ என்னும் வினா. இதில் கீழ்பென்னாத்தூர்க்காரன் படும் பாடு தனி அத்தியாயம் எழுதத் தக்கது. சென்னைவாசி கேட்டால், ‘அது எங்க இருக்கு?’ என்பார், ‘செஞ்சி ரோட்டில்’ என்றவுடன், ‘ஓ, கோட்டை!’ என்று முகம் மலர்ந்து, தேசிங்கு ராஜனுடைய குதிரையைப் பற்றி என்னிடம் விசாரிக்கத் தொடங்குவார், ஏதோ நான் அதற்குக் கொள்ளு வைத்தவன்போல. ஆந்திர தேசத்திலிருந்து வருகிறவர்கள் இப்போது ஏராளம். அவர்களிடம் பாஷையே வேண்டுவதில்லை, உள்ளங்காலைத் தூக்கிக் காட்டி முகத்தைச் சுளித்தால் முழு வாக்கியமும் முடிந்துவிடுகிறது. மேல்மலையனூர் பக்கத்து அம்மாள் ஒருத்தி மட்டும், நான் ஊர்ப் பெயரைச் சொல்லி வாய் மூடுவதற்குள், ‘அடடே, எங்க நாத்தனார் வூடு அங்கதானேப்பா’ என்று என்னைச் சொந்தத்தில் சேர்த்துக்கொண்டாள். அப்புறம் அவள் மடியை அவிழ்த்தாள். வேகவைத்த மல்லாட்டை, இன்னும் சூடாறவில்லை. நடையை நிறுத்தாமலே ஒவ்வொன்றாகக் கட்டை விரலால் நசுக்கி, உப்புத் தண்ணீர் மணிக்கட்டில் வழிய, பருப்பைத் தன் பக்கத்தில் நடந்த எல்லோர் கையிலும் ஜாதகம் பார்க்காமல் போட்டுக்கொண்டே வந்தாள். ‘எத்தினி புள்ளைங்க உனக்கு?’ என்று கேட்டாள். பெயர் கேட்கவில்லை. தோலை மட்டும் கீழே போடாமல் திரும்ப மடியிலேயே கட்டிக்கொண்டாள். ‘சாமி சுத்துற பாதை, பின்னால வர்றவங்க காலுல குத்தும்’ என்பது அவள் தர்மசாஸ்திரம்.

அடி அண்ணாமலையில் சுக்குக் காப்பி குடிக்கிற கட்டம் ஒரு பரீட்சை. ஒருவர் குடிக்க நிற்கும்போது மற்றவரும் நின்றால் ஸ்நேகம் ஸ்திரப்பட்டது. அதற்கப்பால், வாயுலிங்கம் முதல் குபேரலிங்கம் வரையுள்ள நீண்ட வழியில், கால் மரத்துப்போய், பெருமையடித்துக்கொள்ளவும் சக்தியற்றுப்போன நிலையில், மனிதர்கள் உண்மை பேசத் தொடங்குகிறார்கள். மகன் வேலையை விட்டுவிட்டது, நிலத்தை அடமானம் வைத்தது, வீட்டில் சொல்லாமல் டாக்டரிடம் காட்டியது எல்லாம் இங்கேதான் வெளிவருகின்றன. சொந்த ஊரில் சொன்னால் விடிவதற்குள் டீக்கடைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். இங்கே கேட்கிறவருக்குச் சொல்லுகிறவரின் பெயரே தெரியாதாகையால் ரகசியம் பத்திரமாக இருக்கிறது. பெயரின்மையை ஒரு குறையாகக் கருதுவோர் இந்த உபகாரத்தை யோசிக்கவில்லை.

ஆயினும் பிரத்யக்ஷப் பிரமாணம் வேண்டுமென்று பிடிவாதம் செய்பவர்களை நான் குபேரலிங்கத்துக்கு அப்பால் இடுக்குப் பிள்ளையாரிடம் அழைத்துப் போவேன். நேர்கோட்டில் அமையாத சின்னஞ்சிறு வாயில்களின் வழியாக, ஒருக்களித்துப் படுத்து, தோளை முன்னே தள்ளி, வயிற்றைப் பின்னே இழுத்து ஊர்ந்து வெளிவர வேண்டும். தலைவலி முதலான உபாதைகள் தீரும் என்பது நம்பிக்கை. உள்ளே நுழையுமுன் சட்டைப் பையைக் காலி செய்தாக வேண்டும். பணப்பை, செல்போன், மூக்குக்கண்ணாடி, சிலர் கழுத்துச் சங்கிலி. இவ்வளவையும் மனிதன் யார் கையில் கொடுக்கிறான்? மூன்று மணி நேரத்துக்கு முன் உலகில் இருப்பதே தெரியாத, இன்னமும் பெயர் தெரியாத ஒருவரிடம், ‘கொஞ்சம் புடிங்கண்ணே’ என்று கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்கவும் முடியாத ஓர் இடுக்குக்குள் தலையை விடுகிறான். மறுபுறம் வெளிவரும்போது அவர் அங்கே நிற்கிறார். பாங்கியில் இரண்டு ஜாமீன்தாரர் கையெழுத்தில்லாமல் நடவாத காரியம் இது. தறிக்காரருடைய பணப்பையை நான் வாங்கிக்கொண்டபோது அது என்னுடையதைக் காட்டிலும் கனமாக இருந்தது என்பதையும், அவர் தோள் சிக்கிக்கொண்டு ‘அண்ணே, அண்ணே’ என்று உள்ளிருந்து குரல் கொடுத்தபோது நான் இரண்டு பணப்பையையும் வாயில் கவ்விக்கொண்டு அவர் கையைப் பிடித்திழுத்தேன் என்பதையும், ஆராய்ச்சியின் நேர்மை கருதிப் பதிவு செய்கிறேன்.

எஞ்சியிருப்பது லயம். ஈசானிய லிங்கத்தோடு சுற்று முடிகிறது. அங்கே சிலர் தொலைபேசி எண்களை மாற்றிக்கொள்கிறார்கள். ‘அண்ணாமலை அண்ணன்’ என்று பதிவு செய்யப்பட்ட எண்கள் என் செல்போனில் பல இருக்கின்றன, எது யாருடையது என்று தெரியாமையால் எதையும் அழைக்க முடிவதில்லை. காரணம் நீங்கினால் காரியமும் நீங்கும் என்ற நியாயப்படி, கட்டைப்பையிலிருந்து செருப்பை எடுத்துக் காலில் மாட்டுகிற கணத்திலேயே இந்த ஸ்நேகமும் நீங்கவேண்டும். நீங்குகிறதா என்று சோதிக்கும் சந்தர்ப்பம் அன்றே கிடைத்தது. செஞ்சி மார்க்கத்துப் பஸ்களுக்காக ஊருக்கு வெளியே போட்டிருந்த தற்காலிக நிலையத்தில், அந்த அம்மாளின் சொற்படி மேல்மலையனூருக்குப் போய் அம்மனையும் பார்த்துவிட்டுத் திரும்புவதென்று தறிக்காரரும் அதே பஸ்ஸுக்கு வந்திருந்தார். இருவரும் செருப்பணிந்திருந்தோம். பஸ் நிற்குமுன் அவர் ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்து இடம் பிடித்துவிட்டார். நான் ஏறி, உரிமையோடு, அதன் பக்கத்தில் உட்காரப் போனேன். அவர் ஏறெடுத்துப் பார்த்து, மரியாதையில் எள்ளளவும் குறையாமல், ‘சார், இங்க ஆள் வருது’ என்றார். கீழ்பென்னாத்தூர் வரை நின்றுகொண்டே வந்தேன்.