காத்து எங்கே போச்சு?

சித்திரையில் கூவாகம், ஆடியில் ஊருக்கு ஊர் மாரியம்மன் என்று தியாகதுருகத்துப் பலூன்காரருக்கு வருஷத்தில் பாதி நாள் திருவிழாத் தெருவிலேயே கழியும். சொத்து என்று பார்த்தால் ஒரு பலகை, அதில் வரிசையாகக் கட்டிய பலூன்கள், ஒரு ஏர் கன். அந்த ஏர் கன்தான் இந்த வருஷம் அவர் மானத்தை வாங்கியது.

விசையை இழுத்தால் சத்தம் வருகிறது. குண்டும் கிளம்புகிறது. ஆனால் பலூனைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் கீழே விழுகிறது.

"பட்டுச்சுல்ல?" என்றார் சுட்டவர்.

"பட்டுச்சு சார், வெடிக்கலியே" என்றார் இவர்.

வேடிக்கை பார்த்த அத்தனை பேரும் ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னார்கள்: "ஸ்பிரிங்கு செத்துப் போச்சு." நம் ஊரில் எந்தச் சாமான் மக்கர் பண்ணினாலும் முதல் பழி ஸ்பிரிங்குக்குத்தான். பலூன்காரரும் புது ஸ்பிரிங் வாங்கிப் போட்டார். விளைவு, பையன்கள் குழலில் தொங்கிப் பார்த்தும் துப்பாக்கி மடங்கவில்லை. மடக்கிக் கொடுக்கவே ஒரு ஆள் தேவைப்பட்டது. குண்டின் வேகம் மட்டும் பழையபடியே.

பெங்களூரில் வேலை பார்க்கும் மச்சான் மகன் லீவுக்கு வந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏர்சாஃப்ட் விளையாடுகிறவன். 1970களில் ஜப்பானில் பிறந்த ஆட்டம் அது, 6 மி.மீ பிளாஸ்டிக் குண்டு. "அங்க வேகத்தை அளக்காம யாரும் துப்பாக்கியில கை வைக்க மாட்டாங்க மாமா" என்றான். 0.20 கிராம் குண்டு 1 ஜூல் சக்தியில் விநாடிக்கு 100 மீட்டர் போகும். அதே சக்தியில் 0.25 கிராம் குண்டைப் போட்டால் 89 மீட்டர்தான். இது தெரியாமல், குண்டை மாற்றிவிட்டுத் துப்பாக்கிக்கு வைத்தியம் பார்த்தவர்கள் உண்டாம்.

ஏர் கன் கதையும் ஏறக்குறைய இதுதான். குழலை மடக்கினால் ஸ்பிரிங் அமுங்கி, பிஸ்டன் பின்னால் போய் மாட்டிக்கொள்ளும். விசையை இழுத்ததும் பிஸ்டன் முன்னால் பாய்ந்து காற்றை நெரிக்கும். அந்தக் காற்று 4.5 மி.மீ குழலில் உட்கார்ந்திருக்கும் ஈயக் குண்டைத் தள்ளிக்கொண்டு ஓடும். கடலூரில் பிறந்து 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ் வரை போன இளவேனில் வாலறிவன் சுடுவதும் இதே 4.5 மி.மீ குண்டுதான், அங்கே அது விநாடிக்கு 170 மீட்டர் அளவில் பறக்கும். 20 ஜூலுக்கு மேல் போனால் லைசென்ஸ் வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டு ஆயுத விதி. பலூன்காரரின் துப்பாக்கிக்கு அந்தக் கவலை இல்லை.

பையன் மெல்லிய தாள் ஒன்றைக் கிழித்துக் குழலின் மூட்டில் வைத்தான். பலகையைப் பார்த்துச் சுட்டார்கள். காற்று கசிந்தால் தாள் துள்ள வேண்டும். துள்ளவில்லை. மூட்டு உத்தமம், திருடன் உள்ளே இருக்கிறான். கழற்றினால், பிஸ்டன் தலையில் இருந்த லெதர் வாஷர் சுண்டைக்காய் வத்தல்போலச் சுருங்கிக் கிடந்தது.

"பம்ப் ஸ்டவ்வுல வர்றதுதானே? எண்ணெய வுடு" என்றார் வீட்டம்மா. வாஷருக்கு இரண்டு சொட்டுப் போதும். பலூன்காரர் மூட்டிய பிறகு தன் பங்குக்குக் காற்று ஓட்டை வழியாகவும் தேங்காய் எண்ணெயை ஊற்றினார்.

முதல் சூட்டில் 'டமார்!' குழல் வாயில் புகை. பலூன் காணோம். தெருவே கை தட்டியது. "பாத்தியா பவர!" என்றார் பலூன்காரர். பையன் தலையில் கை வைத்துக்கொண்டான். நெரிபட்ட காற்றின் சூட்டில் எண்ணெய் டீசல் இன்ஜின் மாதிரி பற்றிக்கொண்டிருந்தது. இப்படி நாலு நாள் சுட்டால் புது ஸ்பிரிங்கும் உடையும், வாஷரும் கருகும்.

எண்ணெயைத் துடைத்து, அளவான ஸ்பிரிங்கைப் போட்டு மூட்டினார்கள். இப்போது குண்டு பலகையில் நறுக்கென்று பதிந்தது. அப்படியும் மூன்றில் ஒரு பலூன் வெடிக்காமல் அசைந்தது. வீட்டம்மா போய் ஒரு பலூனை அமுக்கிப் பார்த்தார். பழைய தலையணை மாதிரி அமுங்கியது. ரப்பர் விறைப்பாக இழுபட்டிருந்தால்தானே குத்தினதும் கிழியும்?

"துப்பாக்கியில மட்டுமா காத்து இல்ல?"

மூச்சைச் சேமிக்கப் பாதி ஊதியே கட்டிக்கொண்டிருந்த பலூன்காரர், ஒன்றும் பேசாமல் உள்ளே போய்ப் பழைய சைக்கிள் பம்பை எடுத்துவந்து அழுத்தினார். காத்து வரவில்லை. கழற்றிப் பார்த்தால், உள்ளே வாஷர் வத்தல்.