சம்பந்திகள் பேசிக்கொள்ளட்டும்

கேள்வி: விண்டோஸ், மேக், லினக்ஸ் போன்ற இயங்குதளங்களை இன்னும் இணக்கமுள்ளவையாக ஆக்கவேண்டாமா?

பதில்: அவசியம் ஆக்கவேண்டும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் அமைந்த வன்தட்டைச் செருகினால், அதிலுள்ள கோப்புகளையெல்லாம் வாசித்துவிட்டு, வேறு செயலியின் சகாயமின்றி ஓர் எழுத்தையும் அதில் எழுத இசையாத மேக் கணினி, நம் வீட்டுச் சேதிகளையெல்லாம் கேட்டுக்கொண்டு தன் வீட்டுச் சேதி ஒன்றையும் சொல்லாத சம்பந்தியை ஒத்தது. லினக்ஸ் முதலியவை விண்டோஸுடன் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள உதவும், ஆண்ட்ரூ டிரிட்ஜெல் தொடங்கிய சாம்பா என்னும் மென்பொருளின் ஆசிரியர்கள், விண்டோஸ் கணினிகளின் சம்பாஷணையை வெளியே நின்று உற்றுக் கவனித்தே, வெகுகாலம் மகத்தான பிரயாசையுடன் அதன் இலக்கணத்தைக் கற்கவேண்டியிருந்தது. ஐரோப்பிய ஆணையம் 2004இல் உத்தரவிட்டு, நீதிமன்றம் 2007இல் அதை ஊர்ஜிதம் செய்த பிறகே மைக்ரோசாஃப்டிடமிருந்து அந்த விவரங்கள் அவர்களுக்குக் கிட்டின. அதே நிறுவனம் எக்ஸ்ஃபேட் என்னும் கோப்பமைப்பு முறையின் விவரக்குறிப்பை 2019இல் பகிரங்கமாக வெளியிட்டதை நான் மனமார வரவேற்கிறேன்.