எனக்கு மட்டும் ரகசியம்

நோயாளியின் அந்தரங்கம் இவ்வளவு கண்ணும் கருத்துமாகக் காக்கப்பட்ட காலம் வேறெதுவும் இல்லை. 2021 செப்டம்பரில் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் நாடு முழுவதற்கும் வந்தது. ஆளுக்கு 14 இலக்கத்தில் ஓர் ‘ஆபா’ எண். ஓபி சீட்டு வரிசையில் நின்றபடியே நானும் வாங்கிக்கொண்டேன். மருத்துவத் தகவலைப் பகிர முறைப்படி என் சம்மதம் கேட்டார்கள். பின்னால் நின்றவர் முழங்கையால் இடித்ததால் மனப்பூர்வமாகச் சம்மதித்தேன்.

2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் சர்வர்களை ஹேக்கர்கள் முடக்கியதைச் சொல்லிச் சிலர் பயமுறுத்துகிறார்கள். அப்போது அங்கே காகிதத்துக்கும் பேனாவுக்கும் திரும்பினார்கள். டாக்டர் கையெழுத்தை எந்த ஹேக்கர் உடைக்க முடியும்?

போன மாதம் எனக்கொரு பேராசை: என் ரத்தப் பரிசோதனை முடிவை நானே பார்க்க வேண்டும். ஆன்லைனில் முயன்றேன்; ஓடிபி, நான் எப்போதோ தொலைத்த சிம்முக்குப் போனது. ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூமுக்கே போனேன்.

“அதெல்லாம் கான்ஃபிடென்ஷியல் சார். வெளியாள் யாருக்கும் தர மாட்டோம்.”

“நான்தானேம்மா நோயாளி?”

“யாரா இருந்தாலும் அப்படித்தான் சார்.”

நெகிழ்ந்துபோய் வீடு திரும்பினேன். சாயங்காலம் ஒரு போன். “சார், உங்க சுகருக்கு ஏத்த மாதிரி ஒரு இன்சூரன்ஸ் பாலிசி இருக்கு...”

“ஹெச்பிஏ1சி எவ்வளவும்மா?”

“6.8 சார். போன வருஷம் 6.4.”

பேனா எடுத்துக் குறித்துக்கொண்டேன். “கிரியாட்டினின்?”

“அது கிட்னி பிளான் சார். லைன்ல இருங்க, கனெக்ட் பண்றேன்.”