வெற்றுக்கோப்பியல்: ஒரு பூர்வாங்க ஆய்வு

டோம்பிவிலியில் ஏறி, தாணேயில் வண்டி மாறி, ஐரோலிக்கு வேலைக்குப் போகும் மென்பொருள்காரர்களுக்கு ‘இல்லாமலே இருத்தல்’ புதிய தத்துவமல்ல. லோக்கல் ரயில் சீட்டில் கிடக்கும் கைக்குட்டையை அவர்கள் ஓர் ஆளாகவே மதித்து ஒதுங்கி நிற்பார்கள். ஆபீஸில் பூஜ்யம் பைட் கோப்பைக் கண்டால் மட்டும், “இது எதுக்கு? தூக்கிடு” என்கிறார்கள். இந்த முரணே நம் ஆய்வுப்பொருள்.

முதலில் ‘டாட் கிட்கீப்’. நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட், கோப்புகளைத்தான் கணக்கில் வைக்கும். காலி ஃபோல்டர் அதன் கண்ணில் படாது. ஃபோல்டர் எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டுமென்றால் உள்ளே எதையாவது போட்டாக வேண்டும்; அப்படிப் போடும் காலிக் கோப்புதான் இந்த ‘டாட் கிட்கீப்’. பெயரைப் பார்த்து இதை அதிகாரபூர்வ ஏற்பாடு என்று நம்புகிறவர்கள் உண்டு. கிட்டுக்கு அப்படியொரு பெயரே தெரியாது. ‘டாட் சாம்பார்’ என்று வைத்தாலும் வேலை நடக்கும். தவிர, உலகத்துக் காலிக் கோப்புகள் அத்தனைக்கும் கிட் தரும் அடையாளம் ஒன்றே. அத்வைதிகள் கவனிக்க.

ஃபோல்டரைப் பேக்கேஜ் என்று அடையாளம் காட்டும் பைதானின் ‘இனிட்’ கோப்பு, பல சமயம் காலியாகவே இருந்தாலும், இவ்வளவு சாது அல்ல. 2012இல் வந்த 3.3 பதிப்பிலிருந்து அது இல்லாமலும் ஃபோல்டரை இம்போர்ட் செய்யலாம். எனவே புதிதாகச் சேர்ந்த உற்சாகி ஒருவர் அதை அழிக்கிறார். அவருடைய லேப்டாப்பில் எல்லாம் ஓடுகிறது. ஆனால் பேக்கேஜ் கட்டித்தரும் செட்அப்டூல்ஸின் ‘ஃபைண்ட் பேக்கேஜஸ்’, அந்தக் கோப்பில்லாத ஃபோல்டரை ஏறெடுத்தும் பார்க்காது. பேக்கேஜில் அது விடுபட்டுப்போக, கஸ்டமர் திரையில் ‘மாட்யூல் நாட் ஃபவுண்ட்’. பெரும்பாலும் வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

“யாரும் அழிக்காமலிருக்க, உள்ளேயே ஒரு வரி காரணம் எழுதினால் என்ன?” என்பது ஒரு கட்சி. எழுதினால் அது காலிக் கோப்பாக இருக்காதே என்பது எதிர்க்கட்சி.

இந்த வழக்குக்கு முன்னுதாரணம் உண்டு. 1979இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் ‘ட்ரூ’ என்ற கட்டளை வெறும் காலிக் கோப்பு. எதுவும் செய்யாமல் ‘வெற்றி’ என்று சொல்வதுதான் அதன் உத்தியோகம். பிற்பாடு ஏடி அண்ட் டி அதற்குள் பதிப்புரிமை அறிவிப்பைச் சேர்த்தது. ஒன்றுமில்லாததற்கும் உரிமையாளர் கிடைத்தார்! 1994இல் குழப்பமான சி நிரல்களுக்கான சர்வதேசப் போட்டிக்கு வந்த ஒரு காலிக் கோப்பு, தன்னைத்தானே அச்சிடும் உலகின் மிகச்சிறிய நிரல் என்று உரிமை கோரியது. ஓட்டினால் ஒன்றும் வராது, மூலத்திலும் ஒன்றுமில்லை, ஆக, அச்சு அசல். விதிகளை மிக மோசமாகத் துஷ்பிரயோகம் செய்ததற்கான பரிசைத் தந்து அனுப்பினார்கள்.

எல்லாக் கோப்பிலும் எழுதிவிடவும் முடியாது. பேக்கேஜில் டைப் விவரம் உண்டு என்று கருவிகளுக்குச் சொல்லும் பைதானின் ‘பை டாட் டைப்ட்’ பொதுவாகக் காலிதான். டைப் விவரங்களை மட்டும் தாங்கிவரும் ஸ்டப் பேக்கேஜில் அதற்குள் ‘பார்ஷியல்’ என்று எழுதினால் கருவிகள் அதைக் கட்டளையாகவே எடுத்துக்கொள்ளும்.

இவ்வாய்வின் பரிந்துரைகள் எளியவை. ‘இனிட்’ கோப்பில், அழித்தால் எது உடையும் என்று ஒரே ஒரு கமெண்ட் போதும். ‘டாட் கிட்கீப்’ விஷயத்தில், அந்த ஃபோல்டர் எதற்கு என்று அதற்குள்ளேயே ஒரு ‘ரீட்மீ’ எழுதி வைக்கலாம். வைத்ததும் ஃபோல்டர் காலியில்லை, கிட்கீப்புக்கு வேலையில்லை. ஆவணப்படுத்த வேண்டிய கோப்பையே அழித்துவிடலாம்.