கிளீவ்லாந்து ரசிகரின் நம்பிக்கை: தோற்றமும் தீனியும் அழிவின்மையும்

இக்கட்டுரை நுதலிய பொருள் யாதெனின், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஈரி ஏரியின் தென்கரையில் உள்ள கிளீவ்லாந்து நகரத்து ரசிகரிடம் காணப்படும் ஒருவகை நம்பிக்கை. அதற்கு ஆதாரம் இரண்டு. ஒன்று, பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்தில் பிரவுன்ஸ் அணி. மற்றொன்று, பேஸ்பாலில் கார்டியன்ஸ் அணி. 2021 வரை அதன் பெயர் இந்தியன்ஸ். முன்னது கடைசியாகப் பட்டம் வென்றது 1964-இல், பின்னது 1948-இல். சூப்பர் பவுல் என்னும் இறுதியாட்டம் தொடங்கியதே 1967 ஜனவரியில்தான். அதில் பிரவுன்ஸ் ஒருமுறைகூடத் தோற்றதில்லை என்று ரசிகர் பெருமை பேசலாம். ஆடியதும் இல்லை.

இந்நம்பிக்கையை நோய் என்பாரும் உளர். பொருந்தாது. நோய் கண்டவர் அது தம் பிள்ளைக்கு வரக்கூடாது என்று அஞ்சுவார். கிளீவ்லாந்துத் தகப்பனாரோ பிள்ளைக்கு நடை வருமுன்பே ஆரஞ்சு நிறத் தொப்பி வாங்கி மாட்டிவிடுகிறார். இத்தனை தோல்விக்குப் பிறகும் நம்பிக்கை உயிரோடிருக்கிறதே என்று வியப்பது பத்திரிகையாளர் வழக்கம். அது தோல்வியைத் தின்றுதான் உயிரோடிருக்கிறது என்பது எம் துணிபு. ஆயினும் எல்லாத் தோல்வியும் தீனியாகாது. நாற்பது புள்ளி வித்தியாசத்தில் தோற்ற ஆட்டத்தை அடுத்த வாரமே மறந்துவிடுவார்கள். வேண்டுவது நூலிழைத் தோல்வி.

எடுத்துக்காட்டு வருமாறு. 1981 ஜனவரி 4, ஏரிக்காற்று எலும்பைத் துளைக்கும் நாள். ஓக்லாந்து ரெய்டர்ஸ் 14–12 என முன்னிலை. ஆட்டம் முடிய ஒரு நிமிடம்கூட இல்லை. பந்து எதிரணியின் 13-ஆவது யார்டுக் கோட்டில். கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மூன்று புள்ளி, வெற்றி. ஆனால் அன்று உதைகள் சரியாக அமையவில்லை. எனவே பயிற்சியாளர் சாம் ருட்டிலியானோ பந்தை எறியச் சொன்னார். பிரையன் சைப், ஓஸி நியூசமை நோக்கி எறிந்தார். பிடித்தவர் ரெய்டர்ஸின் மைக் டேவிஸ். அந்த உத்தியின் குறியீடு ‘ரெட் ரைட் 88’. தோல்விக்கும் அதுவே பெயராக நின்றது. 1987 ஜனவரி 11 அன்று டென்வர் அணியின் ஜான் எல்வே, தம் பக்கத்து இரண்டாவது யார்டுக் கோட்டில் தொடங்கி 98 யார்டுகளைக் கடந்து, கைநழுவிய ஆட்டத்தைச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் டென்வர் 23–20. அதன் பெயர் ‘தி டிரைவ்’. மறு ஆண்டு அதே டென்வருக்கு எதிராக, எல்லைக்கோட்டுக்கு இரண்டு யார்டு இருக்கையில் எர்னஸ்ட் பைனரின் கையிலிருந்து பந்து பறிபோனது. அன்று பைனர் ஆடிய ஆட்டம் இல்லையென்றால் அணி அந்த இடத்துக்கே வந்திராது. அதை யாரும் சொல்வதில்லை. அந்தத் தோல்வியின் பெயர் ‘தி ஃபம்பிள்’.

வானிலைத் துறையினர் புயலுக்குப் பெயர் சூட்டுவதுபோல் இவ்வூரார் தோல்விக்குப் பெயர் சூட்டுவதன் பயன் என்ன? பெயரிட்ட தோல்வியில் பிழை ஓரிடத்தில் ஒடுங்கிவிடுகிறது. ஒரே ஒரு எறி, ஒரே ஒரு கை, இரண்டே இரண்டு யார்டு. அதை மட்டும் சரிசெய்தால் போதும், அடுத்த ஆண்டு நம்முடையது. அணி முழுவதும் ஓட்டை என்றால் எதைச் சரிசெய்வது, எதை நம்புவது?

பேஸ்பால் தரப்பில் இக்கலை இன்னும் செம்மை அடைந்திருக்கிறது. பேஸ்பாலின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரீஸ், 1997, ஏழாவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், 2–1 முன்னிலை. இன்னும் இருவரை வெளியேற்றினால் பட்டம். எதிரணியான ஃப்ளோரிடா மார்லின்ஸ் களத்துக்கு வந்ததே 1993-இல்தான். அந்த ஐந்தாண்டுக் குழந்தை 11-ஆவது இன்னிங்ஸில் 3–2 என வென்றது. இயற்கை ஒருமுறை இவ்வூர்ப் பக்கம் நின்றதும் உண்டு. 2007 அக்டோபரில் ஏரியிலிருந்து கிளம்பிய பூச்சிக்கூட்டம் நியூயார்க் யாங்கீஸ் பந்துவீச்சாளர் ஜோபா சேம்பர்லின் கழுத்திலும் முகத்திலும் அப்பிக்கொள்ள, வெற்றி கிளீவ்லாந்துக்கு வந்தது. அடுத்த சுற்றில் பாஸ்டனுக்கு எதிராக 3–1 என முன்னேறி, மிச்ச மூன்றையும் தோற்றார்கள். பூச்சிகள் பாஸ்டனுக்குப் பயணம் போகவில்லை.

2016 தனி அத்தியாயத்துக்கு உரியது. அவ்வாண்டு ஜூனில் நகரத்தின் கூடைப்பந்து அணி 1–3 எனப் பின்தங்கிய நிலையிலிருந்து எழுந்து பட்டம் வென்றது. (கூடைப்பந்து எம் ஆய்வெல்லைக்குப் புறம்பு, வென்றதும் ஒரு காரணம்.) இலையுதிர் காலத்தில் பேஸ்பால் அணி 3–1 என முன்னிலை, எதிரே 1908-க்குப் பின் பட்டமே காணாத சிகாகோ கப்ஸ். ஏழாவது ஆட்டம் கிளீவ்லாந்தில். எட்டாவது இன்னிங்ஸில் ராஜாய் டேவிஸ் அடித்த ஹோம் ரன் 6–6 எனச் சமன் செய்தது. ஒன்பது முடிந்ததும் மழை. 17 நிமிடம் ஆட்டம் நின்றது. பத்தாவதில் கப்ஸ் 8–7 என வென்றது. வருங்கால ஆய்வாளர் அந்த 17 நிமிடத்தைத் தனியே எடுத்து ஆராய வேண்டும் என்று பரிந்துரைக்கிறோம். எறிவாரும் அடிப்பாரும் இல்லாமல், நம்பிக்கை கலப்படமின்றிக் கிடைத்த நேரம் அது.

அற்றேல், இவையெல்லாம் சாபம் எனின் வரும் குற்றம் என்னை? 1959-இல் 42 ஹோம் ரன் அடித்த இந்தியன்ஸ் வீரர் ராக்கி கொலவிட்டோவை, 1960 ஏப்ரல் 17 அன்று, புதிய பருவம் தொடங்கும் தறுவாயில், டெட்ராய்ட் அணிக்குக் கொடுத்து ஹார்வி குயினை மாற்றாக வாங்கினார்கள். அன்று தொடங்கியது சாபம் என்பர். டெர்ரி புளூட்டோ என்பவர் அதைப் பற்றி நூலே எழுதியிருக்கிறார். ஆயின், 1954-இல் 111 ஆட்டங்களை வென்ற அதே அணி வேர்ல்ட் சீரீஸில் நான்கையும் தொடர்ந்து தோற்றபோது கொலவிட்டோ எங்கும் போயிருக்கவில்லை. சரியாக வந்து சேர்ந்திருக்கவே இல்லை. சாபக் கொள்கை வீழ்ந்தது. வெளியூரார் நம்பினால் காரியம் கெடும் என்பதற்கு மட்டும் சான்று வலுவாக உண்டு. 1987-இல் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழ் தன் அட்டையில் இந்தியன்ஸே அமெரிக்கன் லீகில் சிறந்த அணி என்று அறிவித்தது. அவ்வாண்டு அவர்கள் தோற்ற ஆட்டங்கள் 101.

இனி அழிவின்மை விதி. 1995 நவம்பரில் பிரவுன்ஸ் உரிமையாளர் ஆர்ட் மோடெல், அணியை பால்டிமோருக்குக் கொண்டுபோவதாக அறிவித்தார். வழக்கும் பேச்சுவார்த்தையும் நடந்து, பெயரும் நிறமும் பழைய சாதனைக் கணக்கும் கிளீவ்லாந்திலேயே தங்கின, ஆட்கள் போனார்கள். 1996 முதல் 1998 வரை ஊரில் கால்பந்து அணி இல்லை, அணியின் நிறம் மட்டும் இருந்தது. கணக்குப்படி நகரத்தின் மொத்த நம்பிக்கையில் பாதி அழிந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. 1995 ஜூன் 12 முதல் 2001 ஏப்ரல் வரை, பேஸ்பால் மைதானத்தில் தொடர்ச்சியாக 455 ஆட்டங்களுக்கு டிக்கெட் முழுவதும் விற்றுத் தீர்ந்தது. பெரிய வீரர்களுக்குச் செய்வதுபோல், 455 என்ற எண்ணை அணி ரசிகர்களுக்கென ஒதுக்கி, யாரும் அணியாதபடி ஓய்வு கொடுத்துவிட்டது. ஆக, நம்பிக்கை அழியவில்லை. ஏரிக்கரையிலிருந்து சற்றுத் தள்ளியிருக்கும் இன்னொரு மைதானத்துக்குக் குடிபெயர்ந்தது. மைதானம் புதிது, அணியும் அப்போது நன்றாக ஆடியது, கூட்டத்துக்கு அதுவே காரணம் என்று சிலர் கூறக்கூடும். அத்தகைய எளிய விளக்கங்களுக்கு ஆய்வுலகில் இடமில்லை.

பால்டிமோருக்குப் போன அணி 2001 ஜனவரியில் சூப்பர் பவுலை வென்றது. அதன் வீரர் தேர்வைக் கவனித்தவர் ஓஸி நியூசம்; ரெட் ரைட் 88-இல் பந்து யாரை நோக்கிப் போனதோ அவரே. இதற்கு உரை எழுத எமக்கு மனம் வரவில்லை.

தோல்வி எவ்வழியே நம்பிக்கையாக மாறுகிறது? கால்பந்துச் சங்கம் அதற்குச் சட்டமே வைத்திருக்கிறது. ஒவ்வொரு வசந்தத்திலும் நடக்கும் டிராஃப்டில், சென்ற ஆண்டு கடைசியில் நின்ற அணிக்கே கல்லூரி வீரர்களில் முதல் தேர்வு. பேஸ்பாலும் கூடைப்பந்தும் இப்போது குலுக்கல் வைத்து முதலிடத்தைச் சந்தேகத்தில் விடுகின்றன. கால்பந்தில் தோல்விக்குக் கூலி உறுதி. 1999-இல் பிரவுன்ஸ் மறுபிறவி எடுத்தபோது முதல் தேர்வாக வந்தவர் டிம் கௌச் என்னும் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிபவர். அவர் பெயர் பொறித்த சட்டையொன்றில், அவருக்குப் பின் அந்த இடத்தில் ஆடியவர் பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டி, நகரத்துக் கடைச் சன்னலில் தொங்கவிட்டிருந்தார்கள். பெயர்கள் முதுகைத் தாண்டி இறங்கிவிட்டன. அதில் யாம் காண்பது தோல்விப் பட்டியல் அன்று. ஒவ்வொரு பெயரும் ஒரு கோடையில் ‘இவர்தான்’ என்று சொல்லப்பட்ட பெயர்.

இரண்டு அணிகள் இருப்பதன் நுட்பம் நாட்காட்டியில் உள்ளது. பேஸ்பால் வசந்தத்தில் தொடங்கி அக்டோபரில் உடைகிறது. அதற்குள் செப்டம்பரில் கால்பந்து வந்துவிடுகிறது. அது உடைய டிசம்பர், ஜனவரி ஆகும். பிப்ரவரியில் பேஸ்பால் வீரர்கள் பயிற்சிக்குக் கூடுகிறார்கள். ஏப்ரல் முடிவில் டிராஃப்ட். கவலைப்பட ஓய்வான மாதமே கிடையாது.

நூலிழைகூட இல்லாத முழுத்தோல்வியை இந்நம்பிக்கை எப்படிச் செரிக்கும் என்ற ஐயம் எமக்கு இருந்தது. அதற்கான சோதனையை பிரவுன்ஸே செய்து கொடுத்தது. 2016-இல் 16 ஆட்டங்களில் வெற்றி ஒன்று. 2017-இல் அதுவும் இல்லை. 2018 ஜனவரி 6 அன்று, உறைபனிக் குளிரில், ரசிகர்கள் மைதானத்தைச் சுற்றி வட்டமாக ஊர்வலம் போனார்கள். மேலிருந்து பார்த்தால் பூஜ்ஜியம். ஊர்வலத்தோடு உணவு வங்கிக்கு நன்கொடையும் திரட்டினார்கள். கேலியும் அறமும் கலந்த இந்தச் சடங்கை வெற்றி பெற்ற ஊர்கள் எதுவும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை.

அந்த ஏப்ரலில் முதல் தேர்வு பேக்கர் மேஃபீல்ட். ஒரு பீர் நிறுவனம் ஊர் மதுக்கூடங்களில் பூட்டிய குளிர்பெட்டிகளை வைத்து, பிரவுன்ஸ் வென்றால் தாமே திறக்கும், பீர் இலவசம் என்றது. செப்டம்பர் 20 இரவு, மேஃபீல்ட் பாதி ஆட்டத்தில் களமிறங்கி நியூயார்க் ஜெட்ஸை 21–17 என வீழ்த்தினார். 635 நாளுக்குப் பின் முதல் வெற்றி, பெட்டிகள் திறந்தன. பத்தாம் நாள் ஓக்லாந்தில், கூடுதல் நேரத்தில், 45–42 எனத் தோல்வி. வித்தியாசம் மூன்றே புள்ளி. ரசிகர்கள் நலமாக இருந்ததாகவே கொள்க.